திடீர் மறதியா, பக்கவாதமா? பிரஷர், சுகரை வைத்து முடிவு கட்டாதீர்கள்

அறுபது வயதுக்காரர் கனமான மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, "நாம எப்போ இங்க வந்தோம்?" என்கிறார். பதில் சொன்னால் தலையாட்டுகிறார். இரண்டு நிமிடத்தில் அதே கேள்வி, அதே தொனியில். தன் பெயர் தெரிகிறது, மனைவியைத் தெரிகிறது. பேச்சு குளறவில்லை, நடை தள்ளாடவில்லை. காலையில் நடந்தது நினைவில்லை, இப்போது சொல்வதும் மனதில் தங்கவில்லை. டிரான்சியன்ட் குளோபல் அம்னீசியா (டி.ஜி.ஏ.) எனப்படும் தற்காலிக மறதி இப்படித்தான் இருக்கும். பெரும்பாலும் 50 முதல் 70 வயதுக்குள் வரும். 24 மணி நேரத்துக்குள் சரியாகிவிடும். கடும் உழைப்பு, குளிர்ந்த நீரில் இறங்குவது, உடலுறவு, அதிர்ச்சியான செய்தி ஆகியவை இதைத் தூண்டுவதுண்டு.

இங்கே நடக்கும் பெரிய தவறு, பழைய மருத்துவச் சீட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. "பிரஷர் இருக்கு, அப்போ ஸ்ட்ரோக்தான்" என்பதும் தவறு. "பிரஷரும் இல்லை, சுகரும் இல்லை, ஸ்ட்ரோக்கா இருக்காது" என்பது அதைவிட ஆபத்து. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகை, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறு எல்லாம் பக்கவாதத்துக்கு வழிவகுப்பவை. ஆனால் ஹாட்ஜஸ், வார்லோ என்ற நரம்பியல் மருத்துவர்கள் இருவரும் 1990இல் டி.ஜி.ஏ. வந்த 114 பேரை ஆராய்ந்தபோது, இந்த ரத்தநாளக் காரணிகள் அவர்களிடம் மற்றவர்களைவிட அதிகமாக இல்லை. ஒற்றைத் தலைவலிதான் கூடுதலாக இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல் பிரஷர் பலருக்கும் இருப்பதால், அதை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

பிரிப்பது கூடவே வரும் அறிகுறிகள்தான். வாய் கோணல், கை கால் பலவீனம், பேச்சுக் குளறல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், மயக்கம், கடும் தலைவலி இவற்றில் ஒன்று இருந்தாலும் டி.ஜி.ஏ. என்று நினைக்கக் கூடாது. பலரும் கவனிக்காமல் விடுவது பார்வை. மூளையின் பின்பக்க ரத்தநாளம் அடைபட்டால் மறதியோடு ஒரு பக்கப் பார்வையும் போகலாம். எதிரே நின்று, உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லி, இரு பக்கமும் மாறி மாறி விரலை அசையுங்கள். ஒரு பக்க விரல் தெரியவில்லை என்றால் பக்கவாதமாக இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தாலும், முதல் தடவை வரும் திடீர் மறதிக்கு வீட்டில் காத்திருக்கக் கூடாது. 108ஐ அழையுங்கள்; கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்து வையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அந்த நேரத்திலிருந்து 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுக்காதீர்கள், சி.டி. எடுக்கும்வரை ரத்தக்கசிவு இல்லை என்று சொல்ல முடியாது. பதற்றத்தில் பிரஷர் ஏறியிருக்கும், அதை மாத்திரை போட்டுச் சட்டென்று இறக்குவதும் கூடாது. அடைப்பு இருந்தால் மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும். சுகரை மட்டும் உடனே பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்க முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

அன்றே எடுத்த எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருக்கிறது என்பதால் "ஒன்றுமே நடக்கவில்லை" என்று ஆகிவிடாது. டி.ஜி.ஏ.யில், நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் தெரியும் புள்ளி சில மில்லிமீட்டர்தான். அது 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் நன்றாகத் தென்படும். மறுபக்கம், அந்தப் புள்ளியைப் பார்த்துவிட்டுப் பக்கவாதம் என்று எழுதி, ஆயுள் முழுக்க ஆஸ்பிரின் கொடுப்பதும் நடக்கிறது. நோய் டி.ஜி.ஏ.தான் என்று உறுதியானால் அதற்கென்று ஆஸ்பிரின் தேவையில்லை. இதயக் காரணத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுபவர் நிறுத்தவும் கூடாது; பிரஷர், சுகர் மாத்திரைகளும் அப்படியே தொடர வேண்டும்.

மறதி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்து, அடிக்கடி வந்து, குறிப்பாகத் தூங்கி எழும்போது வந்தால் வலிப்பு நோயைச் சந்தேகிக்க வேண்டும். நரம்பியல் மருத்துவரிடம் தூக்கத்தோடு எடுக்கும் இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதியும் சோதனை) பற்றிக் கேளுங்கள், வலிப்பு என்றால் மாத்திரையில் பெரும்பாலும் கட்டுப்படும்.