ஆசை வார்த்தைக்கு மயங்கிப் பணம் போடுபவர்கள் செய்யும் தவறுகள்

2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோது பணத்தைப் பறிகொடுத்தவர்களில் பலர் கணக்கு வழக்கு தெரிந்த விவசாயிகள். ஒன்றரை லட்சம் டெபாசிட் கட்டினால் ஆறு குஞ்சு, தீவனம், மாதம் 6,000 ரூபாய், முடிவில் போட்ட பணம் முழுசாகத் திரும்பும் என்றார்கள். விளம்பரத்தில் நடிகர்கள் வந்து சிரித்தார்கள்.

முதல் சில மாதம் பணம் தவறாமல் வருவதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்வதுதான் பெரிய தவறு. மாதம் 6,000 வீதம் ஒன்றரை லட்சம் வந்து சேரவே 25 மாதம் பிடிக்கும். அதுவரை கைக்கு வருவது நம் பணமேதான், இல்லையென்றால் நமக்குப் பின்னால் சேர்ந்தவருடையது. ஈமு கறிக்கு இங்கே சந்தையே இல்லை. கம்பெனிக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டிய நேரத்தில், வந்த பணத்தைப் பார்த்து நகையை அடகு வைத்து இரண்டாவது டெபாசிட் போடுகிறோம். மச்சானையும் சேர்த்துவிடுகிறோம். 2022-இல் சிக்கிய ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் மாதத்துக்கே 25, 30 சதவீத வட்டி என்றபோதும் நடந்தது இதுதான். போலீஸ் கணக்குப்படி 2,400 கோடி ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது.

"உங்களாட்ட விவரம் தெரிஞ்சவங்ககிட்டத்தானுங்கண்ணா இதப் பேச முடியுது" என்று ஏஜென்ட் சொன்னால் உஷாராகுங்கள். அப்படிப் புகழ்ந்தபின் சந்தேகம் கேட்க நமக்கே கூச்சமாகிவிடும். அதற்காகத்தான் புகழ்கிறார். ஏஜென்ட் சொந்தக்காரராகவோ பிள்ளையின் வாத்தியாராகவோ இருந்தால் கூச்சம் இரட்டிப்பாகும். அவருக்கு எவ்வளவு கமிஷன் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், அவரையும் யாரோ நம்பவைத்திருக்கலாம்.

கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய ஜிஎஸ்டி சான்றிதழும் கம்பெனிப் பதிவும் டெபாசிட் வாங்க உரிமம் ஆகாது. டெபாசிட் வாங்க அந்தக் கம்பெனிக்கு அனுமதி இருக்கிறதா என்று ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் அதன் பெயரைத் தேடிப் பாருங்கள்.

பணம் நின்றபின் "அடுத்த மாசம் செட்டில் பண்ணிடுவோம்" என்பதை நம்பிக் காத்திருப்பது இன்னொரு தவறு. அந்த இடைவெளியில் சொத்துகள் கைமாறிவிடும். செக் தருகிறேன் என்றால்கூட அசல் பாண்டையும் ரசீதையும் திருப்பிக் கொடுக்காதீர்கள். நேராகப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, ஏலம் விட்டு, டெபாசிட்தாரர்களுக்குப் பங்கிட வழி உண்டு. ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பங்கு கிடைக்க உங்கள் பெயர் புகார் பட்டியலில் இருக்க வேண்டும்.