இண்டோமெத்தசினைப் படிகமாகாமல் காப்பது: ஈரத்தையும் கணக்கில் சேருங்கள்

தண்ணீரில் எளிதில் கரையாத மருந்தைப் படிகமற்ற நிலைக்குக் கொண்டுவந்தால் வேகமாகக் கரையும். ஆனால் வாய்ப்புக் கிடைத்ததும் மூலக்கூறுகள் மறுபடி படிகமாக அடுக்கிக்கொள்ளும். பாலிமரோடு கலந்து அதைத் தடுக்கும் முறையை இண்டோமெத்தசின் என்ற வலி, அழற்சி மருந்தை வைத்துச் சொல்கிறேன். ரோட்டவேப்பர் (குடுவையை வெற்றிடத்தில் சுழற்றிக் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) ஓட்டத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

1. மருந்து 30, பாலிமர் 70 என்ற எடை விகிதத்தில் தொடங்குங்கள். பாலிமராக நான் எப்போதும் எடுப்பது பிவிபி-விஏ64 (வினைல்பிரோலிடோனும் வினைல் அசிட்டேட்டும் சேர்ந்தது). வினைல்பிரோலிடோன் மட்டுமே உள்ள பிவிபி கே30 அதைவிட அதிகமாக ஈரம் இழுக்கும். அசிட்டோனில் கரையவும் கரையாது.

2. இரண்டையும் மெத்தனாலில் தெளிவாகக் கரைத்து, 40 டிகிரியில் வேகமாக ஆவியாக்குங்கள். மெதுவாக ஆவியானால் மருந்து தனியே பிரிந்து படிகமாகிவிடும்.

3. வெற்றிட அடுப்பில் இரவு முழுக்க உலர்த்துங்கள். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும் பொடியிலும் மெத்தனால் மிச்சம் இருக்கும்.

4. இனி டிஜி, அதாவது கண்ணாடி நிலை தளரும் வெப்பநிலை. பலரும் தடுமாறுவது இங்கேதான். இண்டோமெத்தசினின் டிஜி ஏறத்தாழ 42 டிகிரி, விஏ64-இன் டிஜி சுமார் 106. கலவையின் டிஜியைக் கணிக்கும் ஃபாக்ஸ் சமன்பாட்டில் போட்டால் (கெல்வினில் கணக்கிடுங்கள்) நம் கலவைக்கு 84 வரும். டிஜிக்கு 50 டிகிரி கீழே வைத்தால் பாதுகாப்பு என்பது நடைமுறை விதி. அப்படியானால் 34 டிகிரி வரை கவலையில்லை என்றுதான் தோன்றும்.

தண்ணீரின் டிஜி 136 கெல்வின். பொடி 5 சதவீதம் ஈரம் இழுத்தாலே, அதே சமன்பாட்டின்படி கலவையின் டிஜி 57 டிகிரிக்கு இறங்கும். அதிலிருந்து 50 கழித்தால் வெறும் 7!

இதை டிஎஸ்சி (பொடியைச் சூடாக்கி டிஜியை அளக்கும் கருவி) உங்களிடமிருந்து மறைக்கக்கூடும். மூடியில் ஊசித்துளை போட்ட பேனில் (பொடியை வைக்கும் சின்னக் கிண்ணம்) சூடாக்கும்போது ஈரம் வெளியேறிவிடும். திரையில் தெரிவது உலர்ந்த பொடியின் டிஜி. புட்டியில் இருக்கும் பொடியின் டிஜி வேண்டுமென்றால் காற்றுப்புகாத பேனில் ஓட்டுங்கள். நான் இரண்டு பேனிலும் ஓட்டச் சொல்வேன். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், உலர்த்தலும் புட்டியும் சரியில்லை என்று பொருள்.

5. எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-கதிரால் படிகம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) கூர்முனைகள் இல்லாமல் அகன்ற மேடு மட்டும் வர வேண்டும். அதோடு நிற்காமல் துருவமுனைப்பு நுண்ணோக்கியிலும் பாருங்கள். எக்ஸ்ஆர்டிக்குச் சிக்காத சில படிகத் துணுக்குகள் அதில் மின்னும்.

6. சிலிக்கா ஜெல்லோடு இறுக்கமாக மூடி வையுங்கள்.

சேர்க்கை: ஃப்ரிட்ஜில் வைத்தும் பொடி கட்டிதட்டியதாக வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். குளிர்ந்த புட்டியை உடனே திறந்தால் காற்றின் ஈரம் பொடிமேலேயே படியும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறங்கள். அடிக்கடி எடுப்பதாக இருந்தால் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.