மார்புப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிற காலத்தில ஒவ்வொரு நாளையும் கொண்டு போறது எப்பிடி? வன்னியில இருக்கிற அக்காமார் தங்கச்சிமாருக்கு

முதல்ல ஒரு கலண்டர் எடுத்து அடுப்படிச் சுவரில கொழுவுங்கோ. கீமோ, அதாவது புற்றுநோய் மருந்து, ஏத்தின நாளில 1 எண்டு எழுதி, அங்கயிருந்து எண்ணிக்கொண்டு போங்கோ. கனபேருக்கு 21 நாளைக்கு ஒருக்காத்தான் மருந்து, சிலருக்கு 14, சிலருக்குக் கிழமைக்கு ஒருக்கா, உங்களுக்கு எப்பிடியெண்டு கிளினிக் கொப்பியில இருக்கும். 21 நாள் ஆக்களுக்கு முதல் நாலைஞ்சு நாள் சத்தியும் களைப்பும், பிறகு 7இல இருந்து 14 வரைக்கும் ஆள் பாக்க நல்லா இருந்தாலும் ரத்தத்தில கிருமியோட சண்டை பிடிக்கிற வெள்ளை அணு குறைஞ்சு கிடக்கும், அதுக்கு அடுத்த கிழமைதான் உங்கட கிழமை. பிள்ளையின்ர பள்ளிக்கூடக் கூட்டம், பாங்க் அலுவல், ஆக்களைப் போய்ப் பாக்கிறது எல்லாத்தையும் அந்தக் கிழமைக்குத் தள்ளுங்கோ. வற்றாப்பளைப் பொங்கலோ மடுத் திருவிழாவோ அந்த நடுக் கிழமையில வந்தால் வீட்டில இருந்து கும்பிடுங்கோ, அம்மனுக்கும் மாதாவுக்கும் கேக்கும், சனத்துக்குள்ள போகவேண்டாம்.

இதில ஒண்டை மட்டும் மறக்கவேண்டாம், அது காய்ச்சல். வீட்டில கட்டாயம் ஒரு தேர்மாமீற்றர் வேணும், பாமசியில வாங்கலாம். 38 பாகை, அதாவது பரனைட்டில 100.4, காட்டினால் அது ராத்திரி ரெண்டு மணியெண்டாலும் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ, விடியட்டும் எண்டு இருக்கவேண்டாம். பனடோலைப் போட்டுட்டுப் பாப்பம் எண்டும் நினைக்கவேண்டாம், பனடோல் காய்ச்சலை மறைக்கும், உள்ள இருக்கிற கிருமியை ஒண்டும் செய்யாது. குளிர் நடுங்கினாலும் அப்பிடித்தான், சூடு காட்டாட்டிலும் போங்கோ. 1990க்கு அடிச்சால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், வந்த உடன முதல் சொல்லவேண்டியது "கீமோ ஏத்தி இத்தனையாம் நாள்" எண்டது, அதுக்குத்தான் அந்தக் கலண்டர். உங்களுக்குக் கதைக்க ஏலாமல் கிடந்தாலும் வீட்டில ஒரு சின்னப் பிள்ளையெண்டாலும் அதைப் பாத்துச் சொல்லும். மாரியில குளம் வான் பாய்ஞ்சு றோட்டு மூடுற இடத்தில இருக்கிற ஆக்கள் அந்த நடுக் கிழமையில ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு சொந்தக்காரர் வீட்டில நிண்டால் நல்லம்.

தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போற நாள் பெரிய அலைச்சல்தான். முல்லைத்தீவுப் பக்கத்தில இருந்து பரந்தனுக்கு வந்து ஏ9 ஏறி, ஆனையிறவு தாண்டி, யாழ்ப்பாணத்தில இன்னொரு பஸ் மாறி எண்டு போகவே அரைவாசி உயிர் போயிடும். ஏலுமெண்டால் முதல் நாளே யாழ்ப்பாணத்தில ஆற்றயும் வீட்டில தங்குங்கோ. திரும்பி வரேக்க தனிய வரவேண்டாம், ஆரையும் கூட்டிக்கொண்டு போங்கோ, சொப்பின் பை ரெண்டு, கிறீம் கிறாக்கர், ஆறின சுடுதண்ணிப் போத்தல், போர்க்க ஒரு சால்வை. ரத்தம் சோதிச்சு அணுக் கவுண்ட் காணாதெண்டு மருந்து ஏத்தாமல் திருப்பி விடுவினம் சில நேரம், நோய் கூடிற்றெண்டு அதுக்கு அர்த்தம் இல்லை, உடம்பு தேற நாள் குடுக்கினம், அவ்வளவுதான்.

சாப்பாட்டு விசயத்தில ஊரே புத்தி சொல்லும். நான் அக்காவுக்குப் பக்கத்தில இருந்து பாத்ததை வைச்சுச் சொல்லுறன், மூண்டு நேரம் கோப்பை நிறையப் போட்டு வைச்சால் இறங்கவே இறங்காது, ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காக் கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்கோ. கஞ்சி, இடியப்பமும் சொதியும், அவிச்ச பயறு, நல்லா அவிஞ்ச முட்டை, மீன். அரை அவியல் முட்டையும் காய்ச்சாத பாலும் வேண்டாம். தாளிக்கிற மணமே சத்தி வரப்பண்ணும், அதால சமையலை வேற ஆரும் செய்யட்டும், சாப்பாட்டை ஆறவிட்டுக் குடுங்கோ. சத்திக் குளிசையைச் சத்தி வந்தாப் பிறகு போடுறேல்ல, சொன்ன நேரத்துக்கு முன்னமே போடவேணும், அந்தக் குளிசை சிலருக்கு மலச்சிக்கல் ஆக்கும், தண்ணி நிறையக் குடியுங்கோ. வாய் புண்பட்டால் ஆறின சுடுதண்ணியில கொஞ்சம் உப்பும் அப்பச்சோடாவும் கரைச்சு நாளுக்கு நாலைஞ்சு தரம் கொப்பளியுங்கோ. ஆரும் இலைக் கசாயம் கொண்டந்து தந்தால் அன்பாத்தான் தருவினம், ஆனால் டொக்டரைக் கேக்காமல் குடிக்கவேண்டாம், சில மூலிகை மருந்தோட சண்டை பிடிக்கும்.

சிவப்பு நிறக் கீமோ மருந்து ஏத்தினால் ஒண்டு ரெண்டு நாளைக்குச் சலம் சிவப்பாப் போகும், ரத்தம் எண்டு பயப்பிடவேண்டாம். மருந்து ஏத்தி முதல் ரெண்டு நாள் கக்கூசுக்கு ரெண்டு மடங்கு தண்ணி ஊத்துங்கோ, சத்தி துடைக்கிற ஆள் கையுறை போடோணும். மற்றபடி இது தொத்து வருத்தமே இல்லை. பிள்ளை மடியில கிடக்கலாம், கட்டிப்பிடிக்கலாம், ஒரே கோப்பையில சாப்பிடலாம். இதை விளங்காமல் தள்ளி நிக்கிற சொந்தங்களுக்கு நீங்கள் மினக்கெட்டு விளக்க வேண்டியதில்லை, வீட்டில இன்னொராள் சொல்லட்டும்.

ஒப்பரேசன் செய்த பக்கக் கையைக் கவனமாப் பாருங்கோ. காயம் ஆறும்வரை கிணத்தில தண்ணி அள்ளுறது, குடம் தூக்குறது, விறகு கொத்துறது எல்லாம் வேண்டாம், ஆனால் கையை அசைக்காமலும் வைக்கக் கூடாது, தோள் இறுகிப் போகும், சொல்லித் தந்த பயிற்சியை ஒவ்வொரு நாளும் செய்யவேணும், விரலைச் சுவரில வைச்சு மெல்ல மெல்ல மேல ஏத்துறது, தலை இழுக்கிறது மாதிரி. கமக்கட்டில இருக்கிற நெறிக்கட்டியளையும் எடுத்திருந்தால் அந்தக் கையில பிரசர் பாக்கவோ ஊசி போடவோ விடமுன்னம் கேளுங்கோ. முள்ளுக் குத்தினால், கத்தி வெட்டினால் உடன கழுவி மருந்து போடுங்கோ, கை வீங்கிச் சிவந்தால் அண்டைக்கே காட்டுங்கோ. கீமோ நேரம் வயல் சேத்துக்குள்ள இறங்கவேண்டாம், எலிக்காய்ச்சலும் இருக்கிற இடம்.

எங்கட சனத்துக்கு மட்டும் ஒண்டு. உடம்பில ஷெல் துண்டு இருந்தால், எவ்வளவு சின்னனெண்டாலும், எம்ஆர்ஐ ஸ்கானுக்கு முதல் வாயைத் திறந்து சொல்லுங்கோ. அந்த மெசினின்ர காந்தம் இரும்பை இழுக்கும். அவையள் கேக்கேல்லை எண்டு பேசாமல் இருக்கவேண்டாம், பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டு போங்கோ.

முடி, மருந்தைப் பொறுத்து, முதல் கீமோவுக்குப் பிறகு ரெண்டு மூண்டு கிழமையில கொட்டத் தொடங்கும். முன்னமே கட்டையா வெட்டிவிட்டால் தலகாணியில கத்தை கத்தையாப் பாக்கிற வேதனை கொஞ்சம் குறையும். அழுகை வந்தால் அழுங்கோ, தைரியமா இரு எண்டு சொல்லுற ஆக்களுக்காக அடக்கவேண்டாம். மருந்து முடிய முடி திரும்ப வரும்.

ரேடியேசன் நேரம் தோலில போட்ட அடையாளத்தை உரஞ்சிக் கழுவவேண்டாம், பவுடர், சென்ற் பூசவேண்டாம், தொளதொள எண்ட பருத்திச் சட்டை போடுங்கோ, எங்கட வெயிலுக்குத் துணியால மூடித்தான் வெளிய போகவேணும். அதுக்குப் பிறகு தமொக்சிபென் எண்ட ஹோர்மோன் குளிசை தந்தால் 5 வருசமோ 10 வருசமோ நாளுக்கு ஒண்டு போடவேணும். உடம்பு தணலாக் கொதிக்கும், வேர்க்கும், அதுக்காக நீங்களா நிப்பாட்டவேண்டாம், கிளினிக்கில சொல்லுங்கோ. ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரெண்டு மூச்சு முட்டினாலோ உடன ஆஸ்பத்திரி. குளிசை முடிய ரெண்டு கிழமைக்கு முன்னமே அடுத்த மாதத்துக்கு எடுத்து வைச்சிடுங்கோ.