விஸ்கஸ் ஃபேன் கிளட்ச்: கழற்றுவதற்கு முன்பே தொடங்கும் தவறுகள்

பைபாஸில் 90-ல் போகும்போது டெம்பரேச்சர் முள் அசையாது. டோல்கேட் வரிசையில் கொஞ்ச நேரம் நின்றால் மெல்ல மேலே ஏறும். ஏசி காற்றிலும் குளிர் குறையும். மறுபடி வண்டி ஓட ஆரம்பித்தால் எல்லாம் சரியாகிவிடும். இந்தப் புகாரோடு ஒரு வண்டி பட்டறைக்கு வந்தால் முதலில் கூலண்ட் மாற்றுவார்கள், பிறகு ரேடியேட்டர் மூடி, பிறகு தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத வால்வு). ஏசிக்கு கேஸ் அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு. ஃபேனுக்கு நடுவில் வரிவரியான அலுமினிய வட்டு ஒன்று இருக்கிறதே, அதுதான் விஸ்கஸ் ஃபேன் கிளட்ச். அதன் பக்கம் கை போவது கடைசியில்தான். ஓடும் வண்டியில் காற்று தானாக ரேடியேட்டருக்குள் புகுந்துவிடும். நிற்கும் வண்டியில் ஃபேன் இழுத்தால்தான் உண்டு. அதனால் 'ஓடினால் சரி, நின்றால் சூடு' என்று கேட்டவுடனே சந்தேகம் ஃபேன் பக்கம் போக வேண்டும்.

ஸ்விஃப்ட், ஐ20 போன்ற கார்களில் இந்த கிளட்ச் கிடையாது. அவற்றில் இருப்பது மோட்டார் ஃபேன். ஸ்கார்பியோ, சுமோ, குவாலிஸ், பழைய இன்னோவா மாதிரி இன்ஜினை நீளவாக்கில் வைத்த டீசல் வண்டிகளிலும் லாரிகளிலும்தான் இது வரும். புதிய லாரிகள் சிலவற்றில் கிளட்சுக்கு வயரே வந்துவிட்டது. அவற்றை ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டும். இங்கே சொல்வது வயர் இல்லாத சாதாரண ரகத்துக்கு.

இதன் முகப்பில், ரேடியேட்டரைப் பார்த்தபடி, இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பைமெட்டல் சுருளோ பட்டையோ இருக்கும். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடாக இருந்தால் அது நெளிந்து உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். தேன் பதத்தில் இருக்கும் சிலிக்கான் ஆயில் சேமிப்பு அறையிலிருந்து இறங்கி, வாட்டர் பம்போடு சேர்ந்து சுற்றும் தட்டுக்கும் ஃபேன் மாட்டியிருக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள வரிப்பள்ளங்களில் நிறையும். அந்த ஆயிலின் இழுவையில்தான் ஃபேன் வேகம் பிடிக்கிறது. காற்று குளிர்ந்தால் வால்வு மூடிக்கொள்ளும், ஆயில் சேமிப்பு அறைக்குத் திரும்பிவிடும், ஃபேன் வழுக்கிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். கிளட்சுக்குத் தெரிவது காற்றின் சூடு மட்டும்தான். கூலண்ட் எவ்வளவு கொதிக்கிறது என்பது அதற்கு நேரடியாகத் தெரியாது. இதை மறந்துவிடுவதால்தான் நல்ல கிளட்சைக் கழற்றி எறிவதும், கெட்டதை அப்படியே விட்டுவைப்பதும் நடக்கிறது.

நல்லதைக் கழற்றி எறிவது எப்படி என்று முதலில் பார்ப்போம். ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே தூசி, பூச்சி, வைக்கோல் துரும்பு எல்லாம் அடைத்துக் கம்பளி மாதிரி ஆகியிருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. அந்த அடைப்பைத் தாண்டிக் காற்றே வராதபோது சுருளுக்குச் சூடு எப்படிப் போகும்? உள்ளே இன்ஜின் கொதிக்கும், கிளட்ச் சும்மா இருக்கும். புது கிளட்ச் போட்டாலும் இதே கதைதான். முதல் வேலை இடுக்கைச் சுத்தம் செய்வது. இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மிதமான அழுத்தத்தில் தண்ணீர் விட வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை முழு வேகத்தில் அடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். அதே கன்னை கிளட்சின் நடுவில் பிடித்தால் பேரிங்குக்குள் தண்ணீர் இறங்கும். சுருளில் சேறு படிந்திருந்தால் பிரஷ்ஷால் மெதுவாக எடுங்கள், வளைத்துவிடக் கூடாது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஃபேன் இரைகிறது, கிளட்ச் போய்விட்டது என்று முடிவுகட்டுவது இன்னொன்று. இரவெல்லாம் நின்ற வண்டியில் சிலிக்கான் ஆயில் வேலை செய்யும் அறைக்குள், அதாவது அந்த வரிப்பள்ளங்கள் உள்ள பகுதிக்குள், இறங்கித் தேங்கியிருக்கும். முதல் ஒன்றிரண்டு நிமிஷம் இரைச்சல் கேட்டு, பிறகு அடங்கினால் அது குணம், நோய் அல்ல. ஓட்டம் முழுக்க அடங்காமல் இரைந்து, வண்டி இழுவையும் குறைந்தால் கிளட்ச் வழுக்காமல் நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அப்போது சூடு பிரச்சினை வராது என்பதால் பலர் கண்டுகொள்வதில்லை, டீசல்தான் போகும். ஃபேன் வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுழற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும்.

இந்தக் கணக்கு தெரிந்தால், 'டைரக்ட்' செய்துவிடுகிறேன் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்க மாட்டீர்கள். வழுக்கும் கிளட்சில் துளை போட்டு போல்ட்டை இறக்கி, அல்லது வெல்டிங் வைத்து, ஃபேனை நிரந்தரமாகப் பூட்டிவிடுவார்கள். நடுவழியில் வீடு போய்ச் சேர இது உதவும் என்பதை மறுக்கவில்லை. அப்படியே வருஷக்கணக்கில் ஓட்டுவதுதான் தப்பு. கிளட்ச் வழுக்க விட வேண்டிய உயர் ஆர்பிஎம்மிலும் ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். பிளாஸ்டிக் இறக்கையில் விரிசல் விழும், வாட்டர் பம்ப் பேரிங் தேயும். இறக்கை ஒன்று பிய்த்துக்கொண்டால் முன்னால் இருப்பது ரேடியேட்டர், மேலே இருப்பது பானெட். குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவர் முகமும் அங்கேதான் இருக்கும்.

சுருட்டிய செய்தித்தாளை ஓடும் ஃபேனுக்குள் விட்டு நிறுத்திப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பரிசோதனைக்கு அது தேவையே இல்லை. இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கையால் ஃபேனைச் சுழற்றிப் பாருங்கள். சூடான இன்ஜினை நிறுத்திய உடனே பார்த்தால் நல்ல இறுக்கம் தெரிய வேண்டும். விட்டதும் சும்மா பல சுற்று ஓடினால் உள்ளே ஆயில் இல்லை. சுருளைச் சுற்றியோ பின்பக்கப் பேரிங் ஓரத்திலோ பிசுபிசுப்பாகத் தூசி அப்பியிருந்தால் அது கசிந்த சிலிக்கான்தான். இறக்கை நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சிறிய அசைவு சில கிளட்சுகளில் இயல்பே. கடகடவென்று ஆடினால் பேரிங் போயிற்று. ஏசிக்குத் தனி மோட்டார் ஃபேனும் இருக்கும் வண்டியென்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுக் கை வையுங்கள். சாவி போடாதபோதும் சில வண்டிகளில் அது சுற்றும். வேட்டி, துண்டு, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி பற்றிச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஆயில் கசிந்துவிட்டது, நிரப்பினால் போதாதா? டொயோட்டா வண்டிகளின் கிளட்சுக்கு அந்தக் கம்பெனியே 3000, 6000, 10000 என்று பாகுநிலை (ஆயிலின் கெட்டித்தன்மை) குறித்த சிறு டியூபில் சிலிக்கான் ஆயில் விற்கிறது. திருகு போட்டு மூடிய கிளட்சைத் திறந்து நிரப்ப முடியும். பெரும்பாலான மற்ற கிளட்சுகள் ஓரம் மடித்து நிரந்தரமாக மூடியவை. திறந்தால் மறுபடி சரியாக மூடாது. கிடைத்த கியர் ஆயிலை ஊற்றுவது வீண்வேலை. அது சூடானால் நீர்த்துவிடும். சிலிக்கான் அவ்வளவு நீர்த்துப்போகாது என்பதால்தான் அதைப் போட்டிருக்கிறார்கள். அதோடு, கசிந்த சீலும் தேய்ந்த பேரிங்கும் ஆயில் நிரப்பியதால் புதிதாகிவிடாது.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது நம் ஊர்ப் பட்டறைகளின் பழைய வைத்தியம். இன்ஜின் உரிய சூட்டுக்கு வரவே நேரமெடுக்கும், டீசல் கூடும், ஃபேன் கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். சமவெளியில் 'சரியாகிவிட்டது' என்று தோன்றும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும், கொல்லிமலையில் 70 வளைவுகளையும் ஆள் நிரப்பி இரண்டாம் கியரில் ஏறும்போது உண்மை தெரியும். வேகம் இல்லை, எதிர்க்காற்று இல்லை, இன்ஜினுக்கோ முழுச் சுமை. அப்போது காப்பாற்ற வேண்டியது ஃபேன் மட்டுமே. அது கைவிட்டால் இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற சீல் போகும், ஹெட்டும் வளையலாம்.

மாற்றும் நாளில்

வாங்கும்போது கோளாறு செய்பவர்கள் அதிகம். நான்கு துளையும் பொருந்துகிறது, விலை பாதி என்று வேறு மாடலின் கிளட்சை எடுத்துவிடுவார்கள். கிளட்ச் எந்தச் சூட்டில் பிடிக்கும் என்பதும் ஆயில் அளவும் வேறாக இருக்கும். சிலவற்றில் சுற்றும் திசையே வேறு. பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள். பெட்டியைப் படுக்கப்போட்டு மாதக்கணக்கில் வைத்திருந்த கடையில் வாங்காதீர்கள். வண்டியில் இருப்பது போலவே நிமிர்த்தி வைக்க வேண்டிய பொருள் இது, இல்லையென்றால் ஆயில் பேரிங் பக்கம் போய்ச் சேரும்.

கழற்றும் முன் ரேடியேட்டருக்கும் ஃபேனுக்கும் நடுவே ஒரு அட்டையைச் செருகுங்கள். ஸ்பேனர் வழுக்கி ரேடியேட்டரைக் குத்துவது அடிக்கடி நடப்பது. டொயோட்டாக்களில் நான்கு சின்ன நட்டுகள். நடுவில் ஒரே பெரிய நட்டாகத் திருகியிருக்கும் ரகமானால் மரை எந்தப் பக்கம் என்று மேனுவலில் பார்த்த பிறகே கை வையுங்கள். பல இன்ஜின்களில் அது இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் கழலும். கழற்றுகிறோம் என்று நினைத்து இறுக்கி, வாட்டர் பம்ப் தண்டையே முறித்தவர்கள் இருக்கிறார்கள். புல்லியைப் பிடிக்க அதற்கான டூல் உண்டு. ஃபேன் இறக்கையைப் பிடித்து நிறுத்தினால் விரிசல் விழும்.

கிளட்ச் கையில் வந்ததும் பம்ப் தண்டை ஆட்டிப் பார்ப்பதை மட்டும் விடவே விடாதீர்கள். ஆட்டமுள்ள பம்பில் புது கிளட்ச் மாட்டினால் சில மாதத்தில் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். ஃபேனை முன்பின்னாக மாற்றி மாட்டவும் முடியும். அப்போதும் காற்று அதே திசையில்தான் போகும், ஆனால் அளவு குறைந்துவிடும், அதனால் கண்டுபிடிப்பது கஷ்டம். கழற்றும்போதே மார்க்கரால் முன்பக்கம் குறித்துவிடுங்கள். ஷ்ரவுட் எனப்படும் பிளாஸ்டிக் வளையம் உடைந்திருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். 'எதுக்கு சார் அது, கை போட இடைஞ்சல்' என்று அதைக் கழற்றி மூலையில் போடும் பட்டறைகள் உண்டு. அது இல்லையென்றால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காது. பக்கத்தில் இருக்கும் சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

நட்டுகளை எதிரெதிராக, மேனுவலில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். ஏசி போட்டு நின்ற இடத்தில் இன்ஜினைச் சூடாக்கினால் ஒரு கட்டத்தில் ஃபேன் சத்தம் கூடும், முள் நிற்கும், பிறகு சத்தம் அடங்கும். ஒரு நாள் ஓட்டிய பின், இன்ஜின் ஆறியதும், நட்டுகளையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் மறுபடி ஒருமுறை பாருங்கள்.