சீட்டுக்குப் பின்னால் ஒரு டீசல் பில்டர்

கொழும்பிலிருந்து நுவரெலியாப் பக்கம் டீசல் கெப்பில் (பிக்கப் வண்டியில்) போகிறவர்கள், வேறெதை மறந்தாலும் சீட்டுக்குப் பின்னால் மாற்றுக்கு ஒரு புது டீசல் பில்டரைப் போட்டு வையுங்கள். ஏற்றத்தில் இழுவை குறைந்து வண்டி திக்கினால் பெரும்பாலும் பில்டர் அடைத்திருக்கும், இல்லாவிட்டால் டீசலில் தண்ணீர். எஞ்சினை நிறுத்தி, பில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, மேலே கைப்பம்ப் இருந்தால் அமுக்குங்கள். சுத்தமான டீசல் வந்ததும் இறுக்கிவிடலாம். புது பில்டர் போட்டாலும் பம்ப் கையில் இறுகும்வரை அமுக்கிக் காற்றை எடுத்த பிறகே ஸ்டார்ட் பண்ணுங்கள். சும்மா செல்ஃப் அடித்துப் பற்றரியை இறக்காதீர்கள்.

அப்புறம் ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், இரண்டு கிளிப், பியூஸ். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கப் போகும்போது பழைய பெல்ட்டையே கொண்டு போங்கள். வண்டிப் பெயரை மட்டும் சொன்னால் நாலு அளவு எடுத்துப் போடுவார்கள்.