'வார் ஹார்ஸ்' படத்தைப் பத்து வயதுக்காரனோடு பார்ப்பது எப்படி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஜோயி என்ற அந்தக் குதிரை சாகாது. கடைசியில் அதை வளர்த்த பையன் ஆல்பர்ட்டிடமே திரும்பி வந்துவிடும்.

பெரியவர்களிடம் படத்தின் முடிவைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். தெருவில் நாய் நொண்டினாலே சாப்பாடு இறங்காத பிள்ளையின் கணக்கு வேறு. முடிவு தெரியாமல் உட்கார்ந்தால், அந்தப் பிள்ளை 146 நிமிடமும் படத்தைப் பார்க்காது. குதிரை செத்துவிடுமா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருக்கும். விடுமுறைக்கு வந்திருந்த தம்பி மகனோடு முதல் தடவை பார்த்தபோது, சுவை கெட்டுவிடுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை. படம் முழுக்க என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். மறுநாள் அங்கே நகத்தடம் இருந்தது. பிறகு அவன் தங்கையோடு ஒரு முறை, இருவரையும் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு முறை பார்த்தாகிவிட்டது. கீழே உள்ளவை அந்த மூன்று தடவைகளில் கற்றவை.

ஆனால் வாக்கை ஜோயிக்கு மட்டும் கொடுங்கள். "ஜோயி பிழைத்துவிடும். மற்றவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்று இரண்டாம் தடவை சொன்னேன். தங்கைக்காரி உடனே, "அப்படியென்றால் மற்றவர்கள் சாவார்களா அத்தை?" என்றாள். "சிலர்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, போடுங்கள்" என்றாள். எல்லாரும் பிழைப்பார்கள் என்று பொய் சொல்லியிருந்தால் அரை மணி நேரத்தில் பிடிபட்டிருப்பேன்.

ராத்திரியில் ஆரம்பிக்காதீர்கள். ஒன்பது மணிக்குத் தொடங்கியது நான் செய்த இரண்டாவது தவறு. முடிக்கும்போது நள்ளிரவைத் தொட்டுவிட்டது, இருவருக்கும் தூக்கம் போய்விட்டது. காலையில் தொடங்குங்கள், நடுவில் ஒரு வேளை சாப்பாடு வரட்டும். எட்டு வயதுக்குக் கீழே என்றால் தள்ளிப்போடுவதே மேல். ரத்தத்தை இயக்குநர் ஸ்பீல்பெர்க் அதிகம் காட்டவில்லை. ஆனாலும் அடுத்தடுத்து வரும் இழப்புகளைத் தாங்க கொஞ்சம் வயது வேண்டும்.

படத்துக்கு முன்னால் சொல்லிவைக்க வேண்டியவை மிகக் குறைவு. இடம், தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன். காலம், முதல் உலகப் போர் மூண்ட 1914ஐ ஒட்டிய ஆண்டுகள். குத்தகை நிலத்தை உழ ஒரு வண்டிக்குதிரை வாங்கப் போன அப்பா, நிலச் சொந்தக்காரரோடு ஏலத்தில் வீம்பு பிடித்து, ஏருக்கே லாயக்கில்லாத ஒரு பந்தயக் குதிரைக் குட்டியை 30 கினிக்கு வாங்கி வந்துவிடுகிறார். கினி என்றால் என்ன என்று கட்டாயம் கேட்பார்கள்: ஒரு பவுனும் ஒரு ஷில்லிங்கும் சேர்ந்தது. எல்லாரும் ஏன் ஆங்கிலமே பேசுகிறார்கள் என்றும் கேட்பார்கள். ஜெர்மானியச் சிப்பாயும் பிரெஞ்சுக்காரத் தாத்தாவும்கூட அதில் ஆங்கிலம்தான் பேசுவார்கள். "குதிரைக்கு எல்லாம் ஒரே மொழிதானே" என்று நான் சமாளித்தேன். அவ்வளவு நல்ல பதில் இல்லை. படத்தில் அது எனக்கே உறுத்துகிற விஷயம்.

குதிரையின் அடையாளங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். செம்பழுப்பு உடல், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நான்கு கால்களிலும் காலுறை மாட்டியதுபோல வெள்ளை. இது வெறும் அழகுக்காக வைத்ததில்லை. கடைசியில் தலை முதல் குளம்பு வரை சேறு பூசிக்கொண்டு நிற்கும் குதிரையை யார் என்று நிரூபிக்க வேண்டிவரும். முதலிலேயே கவனித்த பிள்ளை அந்த இடத்தில், "காலைக் கழுவிப் பாருங்கள்!" என்று திரையைப் பார்த்துக் கத்தும். என் வீட்டில் கத்தியது.

இன்னொரு முன்னேற்பாடு, ஆந்தைக் குரல். ஆல்பர்ட் இரண்டு கைகளையும் குவித்து ஊதுவான். ஜோயி ஓடி வரும். கதையின் முடிச்சே அந்த ஒலியில்தான் இருக்கிறது. படம் பார்ப்பதற்கு முதல் நாளே இதைப் பழகத் தொடங்குங்கள். ஒரு கையைக் கிண்ணம்போலக் குவித்து, மற்றக் கையால் அதை மூடுங்கள். உள்ளே ஓர் எலுமிச்சம்பழம் இருப்பதுபோல வெற்றிடம் வேண்டும். இரண்டு கட்டைவிரல்களும் பக்கத்துப் பக்கத்தில், கணு லேசாக மடங்கி நிற்கட்டும். கணுக்களுக்குக் கீழே அரிசி வடிவில் ஒரு சிறு இடைவெளி தெரியும். உதடுகளைக் கணுக்களின் மேல் வைத்து, காற்று அந்த இடைவெளிக்குள் சாய்வாக இறங்குகிறபடி ஊத வேண்டும். நேராக ஊதினால் ஒலி வராது. விரலிடுக்கில் எங்காவது காற்று கசிந்தாலும் வராது. முதல் நாள் எல்லாருக்கும் 'புஸ்' என்றுதான் வரும்.

இனி படம்.

உழவுக் காட்சியை அவசரப்படுத்தாதீர்கள். "சண்டை எப்போது வரும்?" என்ற கேள்வி இந்த இடத்தில்தான் வரும். கல்லும் கரடுமான மேட்டு நிலம். கலப்பையைப் பிடிக்கத் தெரியாத பையன். கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டு பழக்கமே இல்லாத குதிரை. தோற்றுப்போவதை வேடிக்கை பார்க்கக் கூடி நிற்கும் ஊர். அப்புறம் மழை. மண் இளகியதும் குதிரை முன்காலை ஊன்றிப் பின்னங்கால் நடுங்க ஓர் இழுப்பு இழுக்கும். வழியில் கிடந்த பாறை கலப்பையில் மோதிப் பிளந்துபோகும். போர்க்களத்தில் பீரங்கி வண்டியில் இதே குதிரையைப் பூட்டும்போது, அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதற்கான விடை இந்த உழவில் இருக்கிறது. பிள்ளைக்கு அதை விளக்க வேண்டாம். தானாகவே பிடித்துக்கொள்ளும்.

குத்தகை கட்ட வழியில்லாமல் அப்பா குதிரையை ராணுவத்துக்கு விற்கிறார். என் தம்பி மகன் அவரை மன்னிக்கவே இல்லை. இந்த இடத்தில் படத்தை நிறுத்திப் பேசலாம். 1914இல் போர் மூண்டபோது பிரிட்டிஷ் ராணுவத்திடம் சுமார் 25,000 குதிரைகள்தான் இருந்தன. அதனால் நாடு முழுக்கப் பண்ணை, வண்டி, கடை என்று எங்கே குதிரை இருந்தாலும் பிடித்துக்கொண்டுபோனார்கள். அவர் விற்காவிட்டாலும் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று சொல்லுங்கள். அப்படியே இன்னொரு செய்தியும்: தங்கள் மட்டக்குதிரையை விட்டுவிடும்படி ஒரு வீட்டுப் பிள்ளைகள் போர் அமைச்சர் கிச்சனருக்குக் கடிதம் எழுதினார்கள். அதன்பின் 15 கைக்குக் குறைந்த உயரமுள்ள குதிரைகளை எடுக்க வேண்டாம் என்று அவர் உத்தரவிட்டார். ஒரு கை என்பது நான்கு அங்குலம். ஆக 60 அங்குலம். தங்கைக்காரி உடனே எழுந்து போய்ச் சுவரில் 60 அங்குலம் அளந்து கோடு போட்டுவிட்டு வந்தாள். அந்தக் கோடு இன்னும் இருக்கிறது.

அடுத்தது குதிரைப்படைத் தாக்குதல். முதல் தடவை பார்க்கும்போது இங்கே பேசாமல் இருங்கள். உயரமாக வளர்ந்த புல்லுக்குள்ளிருந்து வீரர்கள் குதிரையேறி எழுகிறார்கள், வாளை நீட்டிக்கொண்டு பாய்கிறார்கள், எதிரி ஓடுகிறான். காட்டோரத்தில் இயந்திரத் துப்பாக்கிகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. வீரர்கள் விழுவதைப் படம் ஏறக்குறையக் காட்டவே காட்டாது. சேணத்தில் ஆள் இல்லாத குதிரைகள் துப்பாக்கிகளைத் தாண்டித் தாண்டிப் போவதை மட்டும் காட்டும். "மேலே இருந்தவர்கள் எங்கே?" என்று தம்பி மகன் கேட்டான். கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே புரிந்துவிட்டது. படம் முடிந்த பிறகு கணக்கைச் சொன்னேன்: ஜெர்மானியர்களின் மாக்சிம் துப்பாக்கி நிமிடத்துக்கு 400 குண்டுகளுக்கு மேல் சுடும். குதிரைப்படை அத்தோடு ஒழிந்துவிடவும் இல்லை. 1916 ஜூலை 14 அன்று, பிரான்சின் சோம் போர்க்களத்தில், ஹை வுட் என்ற காட்டருகே ஈட்டியோடு பாய்ந்தவர்களில் இந்தியாவின் டெக்கான் ஹார்ஸ் படையும் உண்டு. நம் ஆட்களும் அங்கே இருந்தார்கள் என்றதும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

காற்றாலைக் காட்சியோடு முதல் பாதியை நிறுத்துங்கள். ஜெர்மானியப் படையிலிருந்து தப்பி ஓடும் இரண்டு சகோதரர்கள் குதிரைகளோடு ஒரு காற்றாலையில் ஒளிந்துகொள்கிறார்கள், பிடிபடுகிறார்கள், சுடப்படுகிறார்கள். குண்டு வெடிக்கும் கணத்தில் காற்றாலையின் இறக்கை ஒன்று திரைக்குக் குறுக்கே வந்து மறைத்துவிடும். அது விலகும்போது எல்லாம் முடிந்திருக்கும். என்ன நடந்தது என்று பிள்ளை கேட்டால் ஒரே வரியில் உண்மையைச் சொல்லுங்கள். அடுத்து எமிலி என்ற பிரெஞ்சுச் சிறுமி குதிரைகளைக் கண்டுபிடிப்பாள். அந்த மலர்ந்த முகத்தில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம். முதல் தடவை நான் சகோதரர்கள் இறந்த இடத்திலேயே, தண்ணீர் குடிக்கலாம் என்று நிறுத்தித் தொலைத்தேன். பிள்ளை தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

இரண்டாம் பாதியில் இரண்டு இடங்களுக்குத் தயாராக வேண்டும். ஒன்று, ஜோயியின் தோழனான டாப்தார்ன் என்ற கருங்குதிரை. பீரங்கி இழுத்து இழுத்துச் சோர்ந்தே அது செத்துப்போகும். குண்டடி பட்டதைவிட இது கொடுமை. இங்கே நான் அழுதேன், மூன்று தடவையும். மறைக்கவில்லை. பெரியவர் அழலாம் என்று தெரிந்தால் பிள்ளையும் நிம்மதியாக அழும்.

மற்றது முள்கம்பி. மிரண்டுபோன ஜோயி இரண்டு படைகளுக்கும் நடுவிலுள்ள வெற்றுநிலத்தில் பாய்ந்து ஓடி, முள்கம்பிச் சுருள்களை இழுத்துக்கொண்டே போய், கடைசியில் அசைய முடியாமல் சிக்கி விழும். என் மூன்றாவது தவறு இங்கேதான். பிள்ளை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, "அது ரப்பர் கம்பி கண்ணா, நிஜம் இல்லை" என்றேன். அவன் திரும்பிப் பார்க்காமலே, "சும்மா இருங்கள் அத்தை" என்றான். நியாயம்தான். சொல்வதானால் படத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்: கம்பிகள் ரப்பரில் செய்தவை, சிக்கிக் கிடக்கும் சில காட்சிகளில் இருப்பது இயந்திரக் குதிரை, ஜோயியாக நடித்தது ஒரு குதிரை அல்ல, குட்டிகளையும் சேர்த்துப் பதினான்கு. தங்கைக்காரிக்கு முன்னதாகவே சொன்னேன். அப்படியும் அழுதாள். ஆனால் அழுதுகொண்டே எது ரப்பர் என்று தேடினாள்.

அதற்கடுத்த பத்து நிமிடங்கள் படத்திலேயே எனக்கு மிகப் பிடித்தவை. ஓர் ஆங்கிலச் சிப்பாய் வெள்ளைத் துணியோடு பதுங்குகுழியை விட்டு ஏறி வருகிறான். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ஜெர்மானியன் கம்பி வெட்டும் கருவியோடு வருகிறான். ஒன்று போதவில்லை. இன்னொன்று கிடைக்குமா என்று குரல் கொடுத்ததும் ஜெர்மானியப் பதுங்குகுழியிலிருந்து நான்கைந்து கருவிகள் பறந்து வந்து சேற்றில் விழும். பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். குதிரை யாருக்கு என்று நாணயம் சுண்டிப் பார்த்துவிட்டு, கைகுலுக்கி, அவரவர் குழிக்குத் திரும்பிப் போவார்கள். "இனிமேல் சுட்டுக்கொள்வார்களா?" என்று கேள்வி வரும். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு மேலே எதுவும் பேசாதீர்கள்.

முடிவில் வானம் ஆரஞ்சாகப் பற்றி எரிகிறதே, அது எனக்குக் கொஞ்சம் திகட்டல். பிள்ளைகளுக்குத் திகட்டவில்லை, வாயை மூடிக்கொண்டேன்.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். முதல் கேள்வி அநேகமாக, "மற்றக் குதிரைகள்?" என்பதாக இருக்கும். 1917 வாக்கில் பிரிட்டிஷ் படையில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இருந்தன. போர் முடிந்ததும் ஊர் திரும்பியவை மிகச் சில. நிறைய குதிரைகளை அங்கேயே உழவர்களுக்கும் கசாப்புக்கடைகளுக்கும் விற்றுவிட்டார்கள். படத்தின் கடைசியில் வரும் குதிரை ஏலம் கற்பனை இல்லை. இதைக் கேட்டுத் தம்பி மகன் வெகுநேரம் பேசவில்லை. ராணுவத்துக்கென்றே குதிரை மருத்துவர்கள் இருந்தார்கள், காயம்பட்டு வந்தவற்றில் பெரும்பாலானவற்றைக் குணப்படுத்தினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொன்னதுதான், ஆனால் உண்மை.

மூலக்கதையை மைக்கேல் மோர்பர்கோ 1982இல் எழுதினார். அதில் கதை சொல்வது ஜோயியேதான். படம் பிடித்துப்போன பிள்ளைக்கு அதைப் படித்துக்காட்டலாம். குதிரையே "நான்" என்று பேசத் தொடங்கியதும் தங்கைக்காரி என் மடியில் ஏறிவிட்டாள். 2007இல் லண்டனில் நாடகமாகப் போட்டபோது ஆளுயரத்துக்கும் மேலான பொம்மைக் குதிரையைச் செய்து, ஒவ்வொன்றையும் மூன்று பேர் சேர்ந்து இயக்கினார்கள். மூச்சு விடுவதுகூடத் தெரியும். அந்த மூவரும் மேடையில் கண்ணெதிரே நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள்.

ஆந்தைக் குரல் இரண்டு பேருக்கும் உடனே வரவில்லை. நச்சுவாயுவில் கண் போய்க் கட்டுப் போட்டிருந்த ஆல்பர்ட் கைகளைக் குவித்தபோது இருவரும் கூடவே குவித்தார்கள். 'புஸ்' என்று காற்றுதான் வந்தது. தம்பி மகன் ஊருக்குக் கிளம்பும் நாள் காலை, குளியலறையிலிருந்து முதல் தடவையாக ஒரு 'ஹூ' கேட்டது. ஈரக் கையில் விரலிடுக்கு நன்றாக அடைபட்டிருக்க வேண்டும். தங்கைக்காரி இந்தப் பக்கத்து அறையிலிருந்து குதிரைபோலக் கனைத்தாள்.