பேச்சும் நடக்க, பின்னலும் நடக்க: குரோஷா கூடுகையை நடத்தும் விதம்

குரோஷா என்பது கொக்கி வைத்த ஒற்றை ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை. நாகர்கோவிலில் எங்கள் தெருப் பெண்கள் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குக் குரோஷா ஊசியும் நூலுமாக என் வீட்டு முன்னறையில் கூடுகிறோம். ஐந்தரை மணி வரை கை ஓடும், வாயும் ஓடும். பக்கத்து ஊர்களிலிருந்து சிலர், தாங்களும் இப்படித் தொடங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பேச்சை இடையூறாக நினைப்பவர் குரோஷா கூட்டம் நடத்த வேண்டாம், வகுப்பு நடத்தலாம். கூட்டத்துக்கு வருபவர்கள் அந்த வாரச் செய்தியைச் சொல்லவும் கேட்கவும்தான் பாதி வருகிறார்கள். ஆகவே பேச்சுக்கு ஏற்றபடி வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எங்களிடம் இரண்டு வகை வேலை உண்டு. ஒன்று பேச்சு வேலை, மற்றது எண்ணு வேலை. அன்னாசிப் பூ வேலைப்பாடு உள்ள மேசை விரிப்பு, குழந்தைச் சட்டையின் கழுத்துப் பகுதி, அடைத்துப் பின்னும் பொம்மை இவையெல்லாம் எண்ணு வேலை. ஒரு கண்ணி தவறினால் நான்கு வரிசை தள்ளித்தான் தெரியும். அவற்றை வீட்டில், காலை அமைதியில் பின்னுங்கள். கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டியது கை தானாகவே செய்யும் வேலை: நீள மஃப்ளர், பாத்திரம் தேய்க்கும் பருத்தி நூல் சதுரம், நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாக விரியும் கிரானி சதுரம். யாராவது எண்ணு வேலையோடு வந்துவிட்டால் அவர் ஊசியை நெற்றி உயரத்துக்குத் தூக்கிக் காட்டுவார். அவர் எண்ணி முடிக்கும் வரை யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, கேள்வி கேட்பதும் இல்லை. மற்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். இந்த ஒரு சைகை வந்த பிறகு எத்தனையோ வரிசைகள் பிரிபடாமல் தப்பின.

வெளிச்சத்தைப் பற்றி நான் கண்டிப்பானவள். ஜன்னலோரம் கண் மங்கியவர்களுக்கு. கறுப்பு, கருநீலம், அடர் மெரூன் நூல்களை மழை நாளில் எடுக்கவே கூடாது. எங்கள் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்வதால் இந்த விதிக்கு நிறைய வேலை இருக்கிறது. தின்பண்டம் ஊசியை வைத்த பிறகுதான். ஏத்தங்காய் சிப்ஸின் எண்ணெய் வெளிர் நூலில் பட்டால் போவது கடினம். கருப்பட்டிக் காபியை மட்டும் நடுவில் அனுமதிக்கிறேன், அதுவும் நூல்கூடைக்கு எட்டாத ஸ்டூலில்.

செய்திச் சுற்று

உட்கார்ந்தவுடன் முதல் அரைமணி நேரம் செய்திச் சுற்று. வலப்பக்கமாக ஒவ்வொருவரும் அந்த வாரம் பின்னியதைத் தூக்கிக் காட்டி, ஒரு நூல் செய்தியும் ஒரு வீட்டுச் செய்தியும் சொல்ல வேண்டும். "மஃப்ளர் அரை அடி ஏறியிருக்கிறது, மருமகள் ஊருக்கு வந்திருக்கிறாள்." அவ்வளவு போதும். எதிர்வீட்டு மைனி சொன்னால் அது கால் மணி நேரம் நீளும், அவருடைய கதைகளை நாங்கள் நீளவிடுகிறோம். அதிகம் பேசாத ஒரு சித்தி, "வடசேரிச் சந்தையில் வெண்டைக்காய் மலிவு" என்பதோடு நிறுத்துவார். அதையும் முழுச் செய்தியாகவே எடுத்துக்கொள்கிறோம். முறைவைத்துச் சொல்வதால்தான் மெல்லிய குரல்காரர்களின் குரல் கேட்கிறது. முறை இல்லாவிட்டால் நன்றாகப் பேசுகிற மூன்று பேரின் கூட்டமாக அது சுருங்கிவிடும்.

"இன்னும் அதையேதான் பின்னுகிறாயா?" என்ற கேள்விக்கு எங்கள் அறையில் இடமில்லை. இரண்டு மழைக்காலம் ஒரே விரிப்பைப் பின்னுகிறவர் தன் இஷ்டத்துக்குப் பின்னுகிறார். அதேபோல், வரன் அமைந்ததா, குழந்தை உண்டா, மகனுக்குச் சம்பளம் எவ்வளவு என்று யாரும் தொடங்கக் கூடாது. சம்பந்தப்பட்டவர் தானாகச் சொன்னால் எல்லோரும் காது கொடுப்போம். இதைக் கூட்டம் தொடங்கும் முதல் நாளிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் யாரையோ குறிவைத்துச் சொன்னதுபோல் ஆகிவிடும்.

துக்கச் செய்தியோடு ஒருவர் வரும் நாளும் உண்டு. அன்று அவருக்கு ஊசி வேண்டாம். புதுச் சிட்டம் ஒன்றைப் பிரித்து, பக்கத்தில் இருப்பவரின் இரு கைகளிலும் மாட்டி, துக்கத்தோடு வந்தவரிடம் நூலின் நுனியைக் கொடுத்து உருண்டையாகச் சுற்றச் சொல்லுங்கள். கைக்கு வேலை இருக்கும், எண்ண வேண்டியது எதுவும் இருக்காது, எதிரில் ஓர் ஆள் அசையாமல் உட்கார்ந்திருப்பார். பேச விரும்பினால் பேசுவார். ஒரு அக்கா தன் அம்மா இறந்த மாதம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருந்தார். அந்த உருண்டைகளைத்தான் அந்த ஆண்டு போர்வைக்குப் பயன்படுத்தினோம்.

புதிதாக வருபவருக்கு முதல் நாள் சங்கிலி, அதாவது ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியை இழுத்துக்கொண்டே போவது, அது மட்டும் போதும். வெளிர் நிறத்தில் கொஞ்சம் தடித்த நூல், 5 மி.மீ. ஊசி. வலக்கைக்காரர் என்றால் சொல்லிக்கொடுப்பவரின் பக்கத்தில் உட்காரட்டும். சொல்லிக்கொடுப்பவர் வலக்கைக்காரராகவும் கற்பவர் இடக்கைக்காரராகவும் இருந்தால் எதிரெதிரே உட்காருங்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல் அப்படியே செய்தால் வந்துவிடும். இதைத் தெரியாமல் இடக்கைப் பிள்ளைகளைக் கை மாற்றச் சொல்லி வதைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

எல்லோருக்கும் பொதுவான ஒரு வேலை

வெறும் பேச்சோடு விட்டால் ஆறு மாதத்தில் ஆள் குறையும். எல்லோர் கையும் படுகிற ஒரு பொருள் அறையில் வளர வேண்டும். கிரானி சதுரங்களால் ஆன போர்வையைவிட இதற்குப் பொருத்தமானது எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அவரவர் வேகத்தில் பின்னலாம், கைப்பையில் அடங்கும், சதுரத்துக்குச் சதுரம் நிறம் மாறுவதால் சலிப்பும் தட்டாது. சென்னையில் 2016 ஜனவரியில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் குழுவினர் இப்படிப் பலர் பின்னிய துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து, 11,000 சதுர மீட்டருக்கும் அதிகமான போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். நாம் 90 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் உள்ள மடிப்போர்வையோடு நிற்போம். 15 செ.மீ. சதுரம் என்றால் அகலத்துக்கு 6, நீளத்துக்கு 8, மொத்தம் 48. எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு ஆறு.

நூல் அக்ரிலிக் 4 ப்ளை, ஊசி 4 மி.மீ. ஓரத்துக்கும் இணைப்புக்கும் உரிய பொது நிறத்தை மட்டும் ஒரே நாளில் மொத்தமாக வாங்கிவிடுங்கள். உறையில் அச்சிட்டிருக்கும் லாட் எண், அதாவது ஒன்றாகச் சாயம் போட்ட தொகுதியின் எண், எல்லா நூற்கண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஒரே வெள்ளை என்று கண்ணுக்குத் தோன்றுவது, லாட் மாறினால் பகல் வெளிச்சத்தில் பட்டையாகத் தெரியும். உறையில் ஒன்றைப் பொது நோட்டில் ஒட்டி, பக்கத்தில் ஒரு விரல் நீள நூலையும் முடிந்து வைக்கிறோம். அதே நோட்டில்தான் செய்திச் சுற்றையும் இரண்டு வரியில் எழுதுகிறோம். யார் வீட்டில் பேரன் பிறந்தபோது எந்தப் பச்சையைப் பின்னிக்கொண்டிருந்தோம் என்பது வரை அதில் இருக்கிறது.

இணையத்தில் எடுத்த வடிவக் குறிப்பு எந்த நாட்டு முறை என்று முதலிலேயே பாருங்கள். அமெரிக்க முறையில் டபுள் குரோஷா எனப்படுவது பிரிட்டிஷ் முறையில் ட்ரெபிள். கீழே நான் சொல்வது அமெரிக்க முறை: ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, நுழைத்து இழுத்தால் மூன்று கண்ணி நிற்கும், அவற்றை இரண்டிரண்டாக இருமுறை கழற்ற வேண்டும்.

கிரானி சதுரத்துக்கு, நான்கு சங்கிலி போட்டு, முதல் சங்கிலியில் இணைத்து வளையமாக்குங்கள். மூன்று சங்கிலி ஏற்றுங்கள், இது முதல் டபுள் குரோஷாவாகக் கணக்கு. வளையத்துக்குள் இன்னும் இரண்டு டபுள் குரோஷா. பிறகு இரண்டு சங்கிலி, அதுதான் மூலை. மூன்று டபுள் குரோஷாவும் இரண்டு சங்கிலியும் என்று மேலும் மூன்று முறை போட்டு, ஏற்றிய மூன்று சங்கிலியின் உச்சியில் இணைத்தால் முதல் சுற்று முடிந்தது. அடுத்த சுற்றில் ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் மூன்று டபுள் குரோஷா, இரண்டு சங்கிலி, மூன்று டபுள் குரோஷா; மூலைக்கும் மூலைக்கும் நடுவே ஒரு சங்கிலி. மூன்றாம் சுற்றிலிருந்து பக்கவாட்டு இடைவெளி ஒவ்வொன்றிலும் மூன்று டபுள் குரோஷா சேரும். இந்த மூன்று டபுள் குரோஷா சேர்ந்ததுதான் ஒரு கொத்து; ஒரு பக்கத்துக்கு ஒரு கொத்து வீதம் சதுரம் விரிந்துகொண்டே போகும். மூலையில் மட்டும் கவனம் வைத்தால் போதும், மற்ற இடத்தில் தாராளமாகப் பேசலாம். அதனால்தான் இது பேச்சு வேலை.

பலர் சேர்ந்து பின்னும்போது வரும் உண்மையான சிக்கல் அளவுதான். ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே சுற்றுகள் என்றாலும் இறுக்கிப் பின்னும் கை சிறிய சதுரத்தையும் தளர்த்திப் பின்னும் கை பெரிய சதுரத்தையும் கொடுக்கும். கையை மாற்றச் சொல்லாதீர்கள், ஊசியை மாற்றுங்கள். இறுக்கக் கைக்கு 4.5 மி.மீ., தளர்ந்த கைக்கு 3.5 மி.மீ. 15 செ.மீ. அட்டைச் சதுரம் ஒன்றை வெட்டி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டால், மூன்றாம் சுற்றிலேயே அவரவர் போக்கு தெரிந்துவிடும். நூலை அறுக்கும்போது ஒரு சாண் வால் விடுங்கள். அதைப் பெருங்கண் ஊசியில் கோர்த்து, கொத்துகளுக்குள் ஒரு திசையில் ஓட்டி, திரும்பவும் எதிர்த்திசையில் ஓட்டிய பிறகே வெட்ட வேண்டும். வால் மறைக்காத சதுரத்தை நான் வாங்கிக்கொள்வதில்லை. 48 சதுரத்தின் வால்களையும் கடைசியில் ஒருவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

அக்ரிலிக் சதுரத்தை இஸ்திரி போட்டு நேராக்க முயலாதீர்கள். சூடு பட்டால் நூல் துவண்டு உயிர் போய்விடும், திரும்ப வராது. நனைத்து, துண்டில் வைத்து ஒற்றி, தடித்த துணி மேல் துருப்பிடிக்காத குண்டூசிகளால் அளவுக்கு இழுத்துக் குத்திக் காயவிடுங்கள்.

சேர்க்கும் நாள் எங்களுக்குத் திருவிழா. தரையில் பாய் விரித்து எல்லாச் சதுரங்களையும் பரப்புவோம். ஒரே நிறம் பக்கத்துப் பக்கத்தில் வராமல் மாற்றி மாற்றி வைத்து, நாற்காலியில் ஏறிச் செல்பேசியில் படம் எடுத்துப் பார்ப்போம். நேரில் தெரியாத நிறத் திட்டு படத்தில் தெரிந்துவிடும். முடிவானதும் வரிசைவாரியாகக் கோர்த்து நாடாவில் கட்டி எண்ணிட வேண்டும். முதலில் அகலவாக்கில் எல்லா இணைப்பும், பிறகு நீளவாக்கில். இரண்டு சதுரங்களின் வெளிப்புறக் கண்ணிகளை மட்டும் எடுத்துத் தைத்தால் தையல் தட்டையாக அமரும். ஓரத்துக்கு இரண்டு சுற்று போதும்.

அந்த நாளில் எங்கள் குழுவின் மூத்த மாமி தன் பாட்டியின் லேஸ் தலையணையைக் கொண்டுவருவார். 1820களில் மிஷனரியான மார்த்தா மால்ட் அம்மையார் இந்த ஊரில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த லேஸ் வேலை அவருடைய குடும்பத்தில் தலைமுறைகளாக வந்தது. அது குரோஷா அல்ல. தலையணையில் குத்திய குண்டூசிகளைச் சுற்றி மரக் கட்டைகளில் தொங்கும் நூல்களை மாற்றி மாற்றிப் பின்னுவது. கட்டைகள் மோதும் சத்தத்துக்கு நடுவிலும் அந்தப் பெண்கள் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள் என்று தன் பாட்டி சொன்னதை மாமி எடுத்துச் சொல்லும்போது, எங்கள் அறைக்கு வயது கூடியதுபோல் எனக்குத் தோன்றும்.

போர்வை யாருக்கு என்று தொடங்கும்போதே முடிவு செய்துவிடுங்கள், பின்னுகிற கைக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கைக்குழந்தைக்கு வேண்டாம்; ஒரு வயது நிறையும் முன் தூங்கும் குழந்தையின் மேல் தளர்ந்த போர்வை எதுவும் போடக்கூடாது. டயாலிசிஸுக்கு ஏசி அறையில் மணிக்கணக்கில் படுத்திருப்பவர்களுக்குக் குளிர் வாட்டும். மடிப்போர்வை அவர்களுக்கு மிகவும் பயன்படும். கொடுப்பதற்கு முன் அங்கே வெளித்துணியை அனுமதிப்பார்களா என்று செவிலியரிடம் கேளுங்கள். ஒரு முறை துவைத்துக் காயவைத்து, மூலையில் சிறு பருத்தி நாடாவைத் தைத்து, அதில் அழியாத மையால் எழுதுங்கள்: அக்ரிலிக், குளிர்ந்த நீரில் துவைக்கவும், இஸ்திரி வேண்டாம்.